ஆர்செனல் 49, அசெக் 108

கேள்வி: "எனக்குப் பிடித்த கால்பந்து கிளப்" என்று பள்ளியில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதாவது படிக்கும் என் மகன் ஆர்செனல் பற்றி எழுதப்போகிறான். வகுப்பில் பாதிப் பேர் அதையேதான் எழுதுகிறார்களாம். ஆப்பிரிக்க கிளப் ஒன்றைப் பற்றி எழுதேன் என்றால், "அங்கே நல்ல கிளப்பே கிடையாதுப்பா, எல்லாரும் ஐரோப்பாவுக்குப் போய்க் கற்றுக்கொண்டவர்கள்தான்" என்கிறான். உண்மையா?

பதில்: இல்லை. அவனுக்குப் பிடித்த இங்கிலாந்து கிளப் ஆர்செனலை வைத்தே அதைச் சொல்லிவிடலாம். 2003-04 சீசனில் லீக் முழுவதும் தோற்காத அணி அது. அந்த சீசனைத் தாண்டியும் நீண்ட தோல்வியற்ற ஓட்டம் 49 ஆட்டங்களில் முடிந்தது. அதில் தடுப்பாட்டத்தில் நின்ற கோலோ தூரே எங்கிருந்து வந்தார் என்று தம்பியைக் கேளுங்கள். ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் இருக்கும் அசெக் மிமோசா கிளப்பிலிருந்து. அந்த கிளப் 1989 முதல் 1994 வரை தன் நாட்டு லீக்கில் 108 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்கவே இல்லை!

1948-இல் வணிக நிறுவன ஊழியர்கள் சேர்ந்து தொடங்கிய கிளப் இது. மஞ்சள், கறுப்பு சீருடை. உள்ளூரில் பரம எதிரி ஆப்பிரிக்கா ஸ்போர்ட்ஸ். லீக் பட்டங்கள் இருபத்தைந்துக்கும் மேல்.

ஆனால் என் மனதில் அசெக் நிற்பது கோப்பைகளால் அல்ல, பிள்ளைகளை வளர்த்த விதத்தால். தொண்ணூறுகளின் நடுவில், பிரான்ஸின் முன்னாள் ஆட்டக்காரர் ஜான்-மார்க் கீயூவுடன் சேர்ந்து, சோல் பெனி என்ற தன் பயிற்சித் திடலில் ஓர் அகாடமியைத் தொடங்கினார்கள். பையன்கள் அங்கேயே தங்கி, படித்து, பயிற்சி எடுப்பார்கள். கீயூவின் முறையில் தொடக்கத்தில் பூட்ஸ் கிடையாது, வெறுங்கால்தான். பந்து காலில் படும் உணர்வு முதலில் பழகட்டும், ஓட்டமும் உடல்பலமும் அப்புறம் என்பது கணக்கு. கோலோ, அவர் தம்பி யாயா, சொகோரா, எபூவே, ஜெர்வின்யோ என்று வரிசையாக அங்கிருந்து வந்தார்கள். ஐவரி கோஸ்ட் முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடிய 2006-இல், அணியில் அசெக் பிள்ளைகள் ஒரு கூட்டமே இருந்தது. அந்த அணியின் நட்சத்திரம் ட்ரோக்பா மட்டும் வேறு கதை, அவர் சிறுவயதிலேயே பிரான்ஸுக்குப் போய்விட்டவர்.

கோப்பைக் கதையும் சாதாரணமானதல்ல. 1995 ஆப்பிரிக்க சாம்பியன் கிளப் இறுதிப்போட்டியில், தென்னாப்பிரிக்காவின் ஆர்லாண்டோ பைரட்ஸுடன் அவர்கள் ஊரிலேயே 2-2 என்று சமன் செய்துவிட்டு வந்தார்கள். இறுதிப்போட்டி இரண்டு ஆட்டங்கள் கொண்டது, மொத்தம் சமனானால் எதிரணி ஊரில் அதிக கோல் அடித்தவருக்கே வெற்றி. அதனால் அபிஜானில் கோல் விழாமல் பார்த்துக்கொண்டிருந்தாலே கோப்பை கைக்கு வந்திருக்கும். 0-1 என்று சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் தோற்றார்கள். மூன்று வருடம் கழித்து, 1998-இல், ஜிம்பாப்வேயின் டைனமோஸை அதே அபிஜானில் 4-2 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். அந்த வெற்றியிலும் ஒரு கறை உண்டு. ஆட்டத்துக்கு முன் நடந்த கைகலப்பில் டைனமோஸ் கேப்டன் மெமரி முச்சேரஹோவா அடிபட்டு ஆட முடியாமல் போனார். இதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

அடுத்து வந்ததுதான் எனக்கு மிகப் பிடித்த ஆட்டம். ஆப்பிரிக்காவின் இரண்டு கிளப் கோப்பைகளை வென்றவர்கள் மோதும் 1999 சூப்பர் கோப்பையில், துனிசியாவின் எஸ்பெரான்ஸுக்கு எதிராக, பெரும்பாலும் இருபது வயதுகூட ஆகாத அகாடமிப் பையன்களை இறக்கினார்கள். அனுபவசாலிகள் நிறைந்த எஸ்பெரான்ஸை அந்தப் பிள்ளைகள் 3-1 என்று வென்றார்கள்.

உங்கள் மகன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. இந்தப் பையன்கள் யாரும் அபிஜானில் நிலைக்கவில்லை. கீயூ பெல்ஜியத்தின் பெவரன் கிளப்புக்குப் போனதும் பலர் அங்கே போனார்கள், யாயாவும்தான். அங்கிருந்து பெரிய லீக்குகளுக்கு. பணம் அங்கே இருக்கிறது, போகிறார்கள். அதற்காக ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர் விட்டுப்போகலாமா? யாயா 2011 முதல் 2014 வரை தொடர்ந்து நான்கு முறை ஆப்பிரிக்காவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர்.

தம்பி ஆர்செனல் பற்றியே எழுதட்டும், தடுக்காதீர்கள். கோலோ தூரே வரும் இடத்தில் இரண்டு பத்தி அசெக்குக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். வகுப்பில் வேறு யாரும் அதை எழுதியிருக்க மாட்டார்கள்.