கிறுக்குறதுக்கு எதுக்கு தம்பி ரிமைண்டர்?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு, கம்ப்யூட்டர் வேலை. சின்ன வயசுல இருந்தே நோட்டு ஓரத்துல, பில்லுக்குப் பின்னாடி, எங்க இடம் கிடைச்சாலும் ஏதாவது வரைஞ்சுக்கிட்டே இருப்பேன். மூணு வருஷம் முன்னாடி அதையெல்லாம் இன்ஸ்டாகிராம்ல போட ஆரம்பிச்சேன், ஃபாலோயர்ஸ் ஏறுச்சு, எங்க குடும்பத்தை வரைஞ்சு குடுங்கன்னு ஆர்டர் வந்துச்சு, நல்லாத்தான் போச்சு. இப்போ ஏழு மாசமா ஒரு கோடு கூட போட முடியல. ஆபீஸ்ல மனநலம் பத்தி ஒரு செஷன் வச்சு, தினமும் அரை மணி நேரம் கிரியேட்டிவா ஏதாவது பண்ணுங்க, மனசுக்கு நல்லதுன்னாங்க. காலண்டர்ல ‘விளையாட்டு நேரம்’னு ரிமைண்டர் போட்டேன். அது அடிச்சாலே நெஞ்சு படபடங்குது, ஸ்நூஸ் போட்டுட்டுப் போனைப் பார்க்கறேன். மத்தபடி தூக்கம் பரவாயில்ல, நண்பர்களோட நல்லாத்தான் இருக்கேன். அஞ்சு வயசுப் பொண்ணு வரையக் கூப்பிட்டா மட்டும் எரிச்சலா வருது. என் திறமை தீர்ந்துபோச்சா, இல்ல மனசுல ஏதாவது கோளாறா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, ரிமைண்டர் விஷயத்தைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, கோவிச்சுக்காதீங்க. நானும் இதே வேலையைப் பார்த்தவதான். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாவலைப் பாதியில வச்சுக்கிட்டு எட்டு மாசம் முழிச்சேன், அப்போ யாரோ சொன்னாங்கன்னு ‘காலை 6 மணி, ஜாலியா எழுது’ன்னு போன்ல அலாரம் வச்சேன். ஜாலியா எழுதுன்னு ஒரு மெஷின் அதட்டினா ஜாலி எங்க இருந்துங்க வரும். மூணாவது நாளே அந்தச் சத்தம் கேட்டா வயித்தைக் கலக்க ஆரம்பிச்சுடுச்சு, இன்னிக்கும் வேற யார் போன்ல அந்த ட்யூன் அடிச்சாலும் எனக்குக் கலக்கும்.

திறமை தீர்ந்துபோக அது என்ன டேங்க் தண்ணியா. உங்க கை அப்படியேதான் இருக்கு. யாரும் பார்க்கலைங்கிற ஒரு நிம்மதி இருந்துச்சு பாருங்க, பில்லுக்குப் பின்னாடி வரைஞ்ச காலத்துல, அதைத்தான் எங்கயோ விட்டுட்டீங்க.

இதைப் பத்தி 1973ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட்னு மூணு பேர் பண்ணினது. நர்சரிக் குழந்தைங்க, அதுலயும் ஏற்கனவே ஸ்கெட்ச் பேனான்னா உயிரை விடுற குழந்தைங்களாப் பொறுக்கி எடுத்தாங்க. கொஞ்சம் பேர்கிட்ட, ‘வரைஞ்சா உனக்கு ஒரு சர்டிஃபிகேட் தருவோம்’னு முன்னாடியே சொன்னாங்க, நட்சத்திரம் ஒட்டி ரிப்பன் கட்டின சர்டிஃபிகேட். கொஞ்சம் பேருக்கு எதுவும் சொல்லாம, வரைஞ்சு முடிச்சதும் திடீர்னு அதே சர்டிஃபிகேட்டக் குடுத்தாங்க. மிச்சப் பேருக்கு ஒண்ணும் கிடையாது. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு, பேனாவையும் பேப்பரையும் சும்மா வகுப்புல மேஜை மேல வச்சுட்டு மறைஞ்சு நின்னு பார்த்தா, பரிசுன்னு முன்னாடியே தெரிஞ்சு வரைஞ்ச குழந்தைங்க மத்தவங்க வரைஞ்ச நேரத்துல கிட்டத்தட்ட பாதி நேரம்தான் வரைஞ்சாங்க. பரிசுக்காக வரைஞ்ச அன்னிக்கு அவங்க போட்ட படங்களும் தரத்துல ஒரு படி கம்மியாத்தான் இருந்துச்சு.

இதுல எனக்கு முக்கியமாப் படறது அந்த ரெண்டாவது கூட்டம். அவங்களுக்கும் அதே சர்டிஃபிகேட், அதே ரிப்பன், ஆனா ஆசை குறையல. அதனால காசு வந்ததால கெட்டுப்போச்சுன்னு நான் சொல்ல வரல, இந்தப் பத்திக்கே எனக்குச் சம்பளம் உண்டு, கலைஞன்னா பட்டினி கிடக்கணும்னு பேசறவங்களைக் கண்டா எனக்கு ஆகாது. வரையறதுக்கு முன்னாடியே இது எதுக்குன்னு தெரிஞ்சு போனதுதான் சிக்கல். நீங்க இப்போ பென்சிலை எடுக்கறதுக்குள்ள இது போஸ்ட் ஆகுமா, ஆர்டர் ஆகுமா, போன தடவை மாதிரி லைக் வருமான்னு மூணு பேர் தோள் மேல எட்டிப் பார்க்கறாங்க. பத்தாததுக்கு அந்த ஆபீஸ் செஷன்காரங்க நாலாவதா ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து நிறுத்திட்டாங்க, அவர் பேரு மனநலம். ‘இதனால மனசு லேசாச்சா, ஆச்சா, எவ்வளவு ஆச்சு?’ன்னு மீட்டர் பார்த்துக்கிட்டே நிப்பார். இவ்வளவு பேர் நிக்கற இடத்துல யாருங்க விளையாடுவா.

அவங்க சொன்னது பொய்னும் சொல்ல முடியாது. 2016ல கிரிஜா கைமல்ங்கிறவரும் கூட இருந்தவங்களும் 39 பேரை உக்கார வச்சு, களிமண்ணு, மார்க்கர், பேப்பர் வெட்டி ஒட்டறதுன்னு 45 நிமிஷம் இஷ்டத்துக்குப் பண்ணச் சொன்னாங்க, முன்னாடியும் பின்னாடியும் எச்சில் எடுத்து கார்ட்டிசால் பார்த்தாங்க, அது மன அழுத்தம் வரும்போது உடம்புல ஏறுற ஹார்மோன். முக்கால்வாசிப் பேருக்குக் குறைஞ்சுது. படம் வரையத் தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு வித்தியாசமே இல்ல. ஆனா மிச்சக் கால்வாசிப் பேருக்குக் குறையல, சிலருக்கு ஏறவும் செஞ்சுது, இதை மட்டும் செஷன்ல யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால நாளைக்கு நீங்க வரைஞ்சு, மனசு லேசாகாம இன்னும் எரிச்சலாச்சுன்னா அது ஃபெயில் இல்ல, விளையாடறப்போ குழந்தைங்க அழறதே இல்லையா.

நம்ம மொழியிலயே பாருங்க, இந்த வயசுல விளையாட்டுங்கிறது திட்டற வார்த்தை. விளையாட்டுத்தனமா இருக்காதே, என்கிட்ட உன் விளையாட்டை வச்சுக்காதே, விளையாட்டு வினையாகும். ஐ.நா. சபையோட குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989ல வந்துச்சு, அதுல 31வது பிரிவு விளையாட்டை ஒரு உரிமையாவே எழுதி வச்சிருக்கு, ஆனா அது 18 வயசு வரைக்கும்தான், அதுக்கப்புறம் நாம போய் மனு போட இடமில்ல. இன்னொரு வார்த்தை இதை விட வேடிக்கை. கிறுக்குன்னா பேப்பர்ல கோடு இழுக்கறது, கிறுக்குன்னா புத்தி பிசகறது. கிறுக்கல், கிறுக்கன், ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. யார் வச்சாங்களோ தெரியாது, ஆனா தினம் கொஞ்சம் கிறுக்கினாத்தான் கிறுக்குப் பிடிக்காம இருக்க முடியும்னு என் கட்சி.

என் எட்டு மாசக் கதைக்கு வர்றேன். அலாரத்தை அணைச்ச வாரம் தங்கச்சி பொண்ணு வீட்டுக்கு வந்திருந்தா, ஆறு வயசு. நான் திருத்திப் போட்ட புரூஃப் தாள் ஒரு கத்தை கிடந்துச்சு, அதோட பின்பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு ஒரு கோடு இழுத்தா, நூல் கண்டு சிக்கின மாதிரி, ‘பெரியம்மா இதை என்னவாவது ஆக்கு’ன்னா. நான் பொறுமையா ஒரு மூக்கு, ஒரு கண்ணு, ரெண்டு காலு போட்டு, குடை பிடிச்ச காக்கான்னேன். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ச்சுப் பார்த்துட்டு, ‘இது காக்கா இல்ல, ஒரு மாமா தும்முறார், இதோ பாரு சளி’ன்னு குடைக் கம்பியைக் காட்டினா. நிஜமாவே தும்முறார். எனக்குக் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிப்பு. அன்னிக்கு நாப்பது தாள் காலி, ஒண்ணு கூட பார்க்கச் சகிக்கல.

அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, இது வினிகாட் விளையாட்டாச்சேன்னு. டொனால்ட் வினிகாட், இங்கிலாந்துல குழந்தைங்க டாக்டரா இருந்து மனநல சிகிச்சை குடுக்கறதுக்கும் போனவர், 1971ல இறந்தார். ஒரு குழந்தை வந்தா, கேள்வி கேட்கறதுக்குப் பதிலா தாள்ல ஒரு கோடு இழுத்து இதை ஏதாவது ஆக்குன்னு நீட்டுவாராம், அடுத்து குழந்தை கோடு போடும், இவர் ஆக்கணும். அந்தத் தாள்ல குழந்தை தன்னைப் பத்தி வாயால சொல்லாததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வந்து உக்காரும். பெரியவங்க விஷயத்துலயும் அவர் ஒண்ணு சொல்லியிருக்கார்: வந்தவருக்கு விளையாட வரலைன்னா, மருத்துவர் செய்ய வேண்டிய முதல் வேலையே அவரை விளையாட முடியற நிலைக்குக் கொண்டு வர்றதுதான். நான் படிச்ச மனநல எழுத்துல எனக்கு ஒட்டிக்கிட்டது இதுதான்.

சரி, நாவல் வந்துச்சான்னு கேட்பீங்க. வரல. அது இன்னும் அலமாரியில கிடக்கு. வந்திருந்தா இதை ஒரு நல்ல கதையா முடிச்சிருப்பேன், நீங்களும் உடனே ‘அப்போ நாப்பது தாள் கிறுக்கினா ஆர்டர் திரும்ப வரும்’னு கணக்குப் போட்டிருப்பீங்க. இதே காரணத்தாலதான் ஃபைன்மன் கதையைச் சொல்றவங்க மேல எனக்கு ஒரு கடுப்பு. இயற்பியல் மேதை ரிச்சர்ட் ஃபைன்மன், ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தப்போ எரிஞ்சு சாம்பலான மாதிரி இருந்தார், மனைவி இறந்திருந்தாங்க, ஆராய்ச்சி ஓடல. ஒரு நாள் கேன்டீன்ல யாரோ ஒரு தட்டைத் தூக்கி மேல போட, அது தள்ளாடிக்கிட்டே சுத்தினதைப் பார்த்துட்டு, சும்மா இருக்கட்டும்னு அந்தத் தள்ளாட்டத்துக்கும் சுத்தலுக்கும் கணக்குப் போட்டார். இதனால என்ன பிரயோஜனம்னு கூட வேலை பார்த்தவர் கேட்க, ஒண்ணும் இல்ல, ஜாலிக்குன்னார். அதுல இருந்து நூல் பிடிச்சுப் போய் 1965ல நோபல் வாங்கினார்னு அவரே சொல்லியிருக்கார். மேனேஜருங்க எல்லாம் இந்தக் கடைசி வரியை மட்டும் ஸ்லைடுல போட்டு, பார்த்தீங்களா விளையாடினா நோபல்னு முடிச்சுடறாங்க. ஐயா, அந்த ஒண்ணும் இல்லைங்கிற பதில்தான் கதையே, நோபலைக் கண்ணுல வச்சுக்கிட்டுத் தட்டைப் பார்த்திருந்தா அந்த மனுஷன் தட்டைப் பார்த்திருக்கவே மாட்டார்.

இப்போ உங்க ரெண்டாவது கேள்வி, கோளாறான்னு கேட்டது. நான் டாக்டர் இல்ல. தூங்கறீங்க, நண்பர்களோட சிரிக்கிறீங்க, வரையறதுல மட்டும்தான் முட்டுதுன்னா அது பெரும்பாலும் நான் சொன்ன அந்தத் தோள் மேல நிக்கற கூட்டம்தான். ஆனா இது மத்த விஷயத்துக்கும் பரவி, முன்னாடி பிடிச்ச எதுலயும் ஆசை இல்லாம, தூக்கமோ பசியோ மாறி, எழுந்திருக்கவே பாரமா, நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு கிட்டத்தட்ட தினமும் ரெண்டு வாரத்துக்கு மேல ஓடுச்சுன்னா அதுக்கு மனச்சோர்வு நோய்னு பேரு, சிகிச்சை உண்டு, டாக்டரைப் பாருங்க, ஸ்கெட்ச் பேனாவை வச்சு அதைச் சமாளிக்கலாம்னு இருக்காதீங்க. செத்துடலாம்னு ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தாக்கூட ரெண்டு வாரமெல்லாம் எண்ண வேண்டாம், அன்னிக்கே யார்கிட்டயாவது சொல்லுங்க, டாக்டர்கிட்டயும் போயிடுங்க.

அதெல்லாம் இல்லைன்னா, முதல் வேலையா அந்த ரிமைண்டரை டெலீட் பண்ணுங்க. ஆர்டரை விடணும்னு அவசியமில்ல, ஆனா அதுக்கு ஒரு நோட்டு, ஒரு நேரம், ஒரு ரேட்டுன்னு தனியா வேலை மாதிரியே வச்சுக்கோங்க, அது வேலைதான், அதுல சந்தோஷம் வரலைன்னு துக்கப்படாதீங்க. இன்னொரு நோட்டு, இருக்கறதுலயே மட்டமான தாள் உள்ளதா எடுங்க, நல்ல தாளைப் பார்த்தாலே கைக்கு மரியாதை வந்துடும். அதுல இடது கையால வரைங்க, பஸ்ல போறப்போ குலுங்கறப்போ வரைங்க, உங்களுக்கு வரவே வராத குதிரையை வரைங்க. பில்லுக்குப் பின்னாடி வரைவேன்னீங்களே, அதை நான் ரெண்டு தடவை படிச்சேன், இப்போவும் பில்லு வருதுதானே.

பொண்ணு கூப்பிட்டா வர்ற எரிச்சலுக்காக உங்களையே திட்டிக்காதீங்க. உங்களால முடியாததை அவ கண்ணு முன்னாடி அனாயாசமாப் பண்றா, யாருக்கா இருந்தாலும் எரியும். அடுத்த தடவை கூப்பிட்டா வரையறேன்னு உக்காராதீங்க. கண்ணை மூடிக்கிட்டு ஒரு கோடு போடச் சொல்லுங்க அவளை, அதுல உங்களுக்குத் தெரியறதை ஆக்கி நீட்டுங்க. அது என்னன்னு நீங்க சொல்றதை எப்படியும் அவ ஒத்துக்க மாட்டா.

வரைஞ்சதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பவும் வேண்டாம் தம்பி.