தரவைச் சேர்க்கும் முன் பேச வேண்டியவை

கேள்வி: நாங்கள் நான்கு கூரியர் நிறுவனங்கள். ஒரே தவறான முகவரியைத் தேடி நான்கு பேருடைய ஆட்களும் தனித்தனியாக அலைகிறார்கள். முகவரி விவரங்களை ஒரே பொதுச் சேவையில் சேர்க்கலாம் என்று பேசி வருகிறோம். ஆனால் எங்களில் பெரிய நிறுவனத்தார், “அதிகம் கொடுப்பது நான், சும்மா எடுத்துக்கொள்வது நீங்கள்” என்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: அவர் கேட்பது நியாயம்தான். பேசிச் சமாளிக்கப் பார்க்காமல் அதற்கு விதியிலேயே பதில் வையுங்கள். நிறுவனங்களுக்கு இடையே இப்படிப்பட்ட ஒப்பந்தங்களை எழுதிக் கொடுப்பதே என் தொழில். இந்த இடத்தை மழுப்பிவிட்டுப் போன கூட்டணிகள் பிறகு படும் பாடு எனக்குத் தெரியும்.

பிரிட்டனில் கடன் கொடுக்கும் நிறுவனங்களைப் பாருங்கள். போட்டியாளர்களாக இருந்தும், வாடிக்கையாளர் தவணை கட்டிய விவரங்களைத் தங்களுக்குள் பகிர்கிறார்கள். அங்குள்ள விதி இதுதான்: எந்த வகை விவரத்தைத் தருகிறீர்களோ அந்த வகைதான் உங்களுக்கும் கிடைக்கும். தவணை தவறியவர்களின் விவரம் மட்டும் கொடுத்தால் அது மட்டும்தான் வரும். முழு வரலாற்றைக் கொடுத்தால் முழு வரலாறும் வரும். எண்ணிக்கை எவ்வளவு என்று பார்ப்பதில்லை, கையில் இருப்பதை ஒளிக்காமல் கொடுத்தாரா என்றுதான் பார்க்கிறார்கள். இதனால் சிறிய நிறுவனமும் தலைநிமிர்ந்து உள்ளே வர முடிகிறது.

எண்ணிக்கைக் குறையைக் கட்டணத்தில் சரிசெய்யலாம். தேடிப் பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம், பயன்பட்ட ஒவ்வொரு பதிவுக்கும் அதைக் கொடுத்தவருக்குக் கழிவு. அப்புறம், பெரியவரிடம் ஒரு கணக்குக் கேளுங்கள்: அவருடைய பார்சல்களில் எத்தனை திரும்பி வருகின்றன, ஒன்றுக்கு என்ன செலவு? அதிகம் அனுப்புகிறவரிடம்தான் அதிகம் திரும்பி வரும். மிச்சமும் அவருக்குத்தான் அதிகம் என்பது அவருடைய எண்களிலிருந்தே தெரியவரும்.

சேவை யாருக்குச் சொந்தம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வங்கிகள் தங்களுக்குள் பணப் பரிமாற்றச் செய்திகளை அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் அமைப்பு, 1973-ல் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவு. பயன்பாட்டுக்கு ஏற்ப அதில் பங்குகளும் மாற்றி ஒதுக்கப்படுகின்றன. உங்களில் ஒருவருடைய சர்வரில் “தற்காலிகமாக” என்று வைத்தால் அது கடைசிவரை அங்கேயே இருந்துவிடும்.

இனி, யாரும் பேசப் பிடிக்காத வேலை. பார்சல் ஏன் சேரவில்லை என்பதை ஒரு நிறுவனம் “கதவு பூட்டியிருந்தது” என்று குறிக்கும், இன்னொன்று “ஆள் இல்லை” என்று குறிக்கும். மூன்றாவதில், அவசரத்தில் இருக்கும் டெலிவரி ஊழியர் எல்லாவற்றுக்கும் “மற்றவை” என்று தட்டிவிட்டுப் போவார். இவற்றை அப்படியே கலந்தால், முகவரி தவறா, ஆள்தான் வெளியே போயிருந்தாரா என்று யாராலும் பிரிக்க முடியாது. மென்பொருளுக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஒவ்வொருவரும் நூறு பதிவுகளை அச்செடுத்து வந்து ஒரே மேசையில் வரிவரியாகப் படியுங்கள். மேலாளர்கள் மட்டும் போதாது, தெருவில் வண்டி ஓட்டுகிறவர்களும் கூட உட்கார வேண்டும். எனக்குத் தெரிந்தவரை, ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை பிறப்பதே இந்த மேசையில்தான்.

பெறுநரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பொதுச் சேவைக்குத் தேவையில்லை, விட்டுவிடுங்கள். ஒருவர் விலகினால் அவர் ஏற்கெனவே கொடுத்தது என்ன ஆகும் என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். வெளியேறும் வழி தெளிவாக இருந்தால் தயங்குகிறவர்கள் துணிந்து உள்ளே வருவார்கள்.

கேள்வி: அதே சேவையில் எங்கள் கட்டண விவரங்களையும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. அமெரிக்காவில் விமான நிறுவனங்கள் கூட்டாக வைத்திருந்த கட்டணத் தரவு நிறுவனத்தின் மீதும், எட்டு விமான நிறுவனங்கள் மீதும் 1992-ல் அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் வழக்குத் தொடுத்தது. வரப்போகும் கட்டண மாற்றங்களை அந்த அமைப்பில் முன்கூட்டியே போட்டு, அதன் வழியாக ஒருவருக்கொருவர் சைகை காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு 1994-ல் சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கத்துக்குத் தடையும் வந்தது. முகவரியைப் பகிர்ந்தால் வாடிக்கையாளருக்கும் நன்மை. கட்டணத்தைப் பகிர்ந்தால் அவர் தலையில்தான் விழும். அடுத்த கூட்டத்துக்குப் போட்டிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.