வாசகர் கேள்வி – பதில்: மேடையை விட்டுப் படத்தின் முன்னால்

கேள்வி: எங்கள் கல்லூரியின் ஓவிய மன்றம் ஆண்டுதோறும் மாணவர் கண்காட்சி நடத்துகிறது. சென்ற ஆண்டு திறந்து வைக்க வந்த ஓவியர் குத்துவிளக்கேற்றினார், பொன்னாடை ஏற்றார், தம் வாழ்க்கையைப் பற்றி ஒரு மணி நேரம் உரையாற்றினார். அடுத்த அறையில் மாட்டியிருந்த மாணவர் படங்களைப் பத்தே நிமிடத்தில் பார்த்துவிட்டுப் புறப்பட்டார். பிள்ளைகள் மிகவும் சோர்ந்துபோனார்கள். இந்த ஆண்டாவது பயனுள்ளதாக நடத்த வழி சொல்லுங்கள்.
– தமிழ் விரிவுரையாளர் ஒருவர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: அந்த ஓவியரிடம் குறை காண எனக்கு மனம் வரவில்லை. சிறப்பு விருந்தினராக அழைத்தீர்கள். அவரும் சிறப்பு விருந்தினராகவே வந்து சென்றார். அவரை ஆசிரியராக அழைத்திருந்தால் அன்றைய பொழுது வேறு விதமாகக் கழிந்திருக்கும். ஆகவே மாற்றத்தை அழைப்புக் கடிதத்திலிருந்தே தொடங்குங்கள். எந்தத் துறை மாணவர்கள், எத்தனை படங்கள், நீர்வண்ணம், கரிக்கோல் என என்னென்ன ஊடகங்கள், அவரிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதையெல்லாம் அதில் தெளிவாக எழுதுங்கள். பயணச் செலவையும் மதிப்பூதியத்தையும் அதிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். கலைஞரிடம் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு, கடைசியில் பேருந்துக் கட்டணம்கூடக் கொடுக்காமல் அனுப்புவது நம் கல்லூரிகளில் ஊறிப்போன பழக்கம், அது போக வேண்டும். இரண்டு வாரங்களுக்கு முன்பே எட்டுப் பத்துப் படங்களைக் கைபேசியில் எடுத்து அனுப்பிவிட்டால், அவர் யோசித்துக்கொண்டு வருவார். அவர் வரைந்த படங்களை மாணவர்களும் அதற்குள் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதவர்களுக்குக் கேட்பதற்குக் கேள்வியே இராது.

நிகழ்ச்சியின் வரிசையையும் மாற்றுங்கள். வரவேற்புரையும் விளக்கேற்றலும் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். பிறகு மேடைக்குப் போகாமல் நேராகக் காட்சி அறைக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் அதை வரைந்த மாணவர் நின்று, எதை வரைய நினைத்தார், எந்த இடத்தில் தடுமாறினார் என்று மூன்று வாக்கியங்களில் சொல்லட்டும். அதன் பிறகு விருந்தினர் பேசட்டும். அவருடைய சொந்த அனுபவத்தைக் கேட்க விரும்பினால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்; அப்போதும் விருதுப் பட்டியலைக் கேட்காமல், அவருடைய வரைவேட்டையும், சரிவராமல் பாதியில் விட்ட ஒரு படத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். முடிந்த படத்தைவிட முடியாத படத்திலிருந்துதான் மாணவர் அதிகம் கற்பார் என்பது என் உறுதியான எண்ணம்.

பல ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஒரு காட்சியில் நான் கண்டது இன்னும் நினைவில் நிற்கிறது. ஒரு மாணவி, வயல் நடுவே வரிசையாக நிற்கும் பனைமரங்களை நீர்வண்ணத்தில் வரைந்திருந்தார். உழைப்புத் தெரிந்தாலும் படம் எடுபடவில்லை. வந்திருந்த ஓவியர் நன்றாக இல்லை என்று சொல்லவில்லை. பையிலிருந்து ஆங்கில ‘எல்’ எழுத்தைப் போல் வெட்டிய இரண்டு வெள்ளை அட்டைகளை எடுத்து, படத்தின் மேல் சட்டம் போலப் பிடித்து, மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தார். வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு மறைந்ததும், மீதியிருந்த இரண்டு பனைகளுக்கும் அவற்றின் நடுவே தெரிந்த வானத்துக்கும் திடீரென்று உயிர் வந்தது. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் அட்டைகளைத் தன் கையில் வாங்கி, அடுத்த படத்தின் மேல் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். ஒரு மணி நேரச் சொற்பொழிவில் கிடைக்காதது இரண்டு நிமிடத்தில் கிடைத்தது.

மூத்தவரும் இளையவரும் ஒன்றாக நின்று வேலை செய்வது நமக்குப் புதிதும் அல்ல. 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தபோது, ஓவியர்கள் சேர்ந்து வாழ்ந்து பணிபுரியும் சோழமண்டல ஓவியர் கிராமம் சென்னைக்கு அருகே 1966இல் உருவாக வழிவகுத்தார். அவரிடம் பயின்றவர்களே அங்கு அவருக்குச் சக ஓவியர்களாயினர்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். விருந்தினர் மலையாளத்தில் பேசினால் வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்க்க வேண்டாம். பேச்சின் ஓட்டம் அறுந்துவிடும். உங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இரு மொழியும் பழக்கம்தான். கேள்விகளைத் தமிழில் கேட்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தயங்கி நிற்பவர்களும் வாய் திறப்பார்கள்.

கேள்வி: பாலக்காட்டுக்கு அருகே மலம்புழா அணைத் தோட்டத்தில் உள்ள யட்சி சிலையை நேரில் பார்த்துக் கரிக்கோலால் வரைந்து கண்காட்சியில் வைத்தேன். பெற்றோர்கள் வருவார்கள், ஆடையற்ற உருவம் வேண்டாம் என்று சொல்லித் திறப்பதற்கு முன்பே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். என் படத்தில் தவறு உண்டா?
– மாணவி ஒருவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தவறு இல்லை, அம்மா. சிற்பி கானாயி குஞ்ஞிராமன் அந்தச் சிலையை 1969இல் அமைத்தபோதே எதிர்ப்பு எழுந்தது. அதையும் தாண்டி அது அணைத் தோட்டத்தில் மலையைப் பார்த்தபடி நிலைத்திருக்கிறது. அவரும் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவரே. உங்கள் கல்லூரிக்கு வரும் பெற்றோர்களில் பலர் குடும்பத்தோடு அந்தச் சிலையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களாகவே இருப்பார்கள். பொதுத் தோட்டத்தில் எல்லோரும் காணும் ஒரு சிலையை மாணவி கூர்ந்து கவனித்து வரைந்தால், அது பயிற்சி; மறைக்க வேண்டிய பொருள் அல்ல.

ஆயினும் எடுக்கச் சொன்னவரைப் பகைவராகக் கருத வேண்டாம். புகார் வருமோ என்ற அச்சம்தான் அவரை அப்படிச் சொல்ல வைத்திருக்கும். அடுத்த முறை படத்தின் கீழே நான்கு வரிகள் எழுதி வையுங்கள்: எந்தச் சிலை, யார் செய்தது, எந்த ஆண்டு, எந்தக் கோணத்திலிருந்து வரைந்தீர்கள். அந்த நான்கு வரிகளை முன்கூட்டியே காட்டி, துறைத்தலைவரோடு சென்று முதல்வரிடம் பேசுங்கள். வருகை தரும் ஓவியரிடமும் இதைக் கேள்வியாகவே வையுங்கள். உருவம் வரையும் பயிற்சியில் உடலைக் கற்பது எவ்வளவு அடிப்படையானது என்பதை அவர் அவை நடுவே சொன்னால், அது நிர்வாகத்தின் காதிலும் விழும். எடுத்த படத்தைக் கிழித்துவிடாதீர்கள். பின்பக்கம் தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: எங்கள் கண்காட்சி டிசம்பரில் நடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில் படங்கள் படபடத்துக் கிழிகின்றன. எப்படி மாட்டுவது?
– மன்றச் செயலர், வண்ணாமடை

பதில்: கயிற்றில் மேல்பக்கம் மட்டும் கிளிப் போட்டுத் தொங்கவிடுவதால் வரும் தொல்லை இது. ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் கெட்டி அட்டை கொடுத்து, மேலும் கீழும் இரண்டு கயிறு இழுத்துக் கட்டி, நான்கு மூலையிலும் கிளிப் போடுங்கள். செல்லோடேப்பைப் படத்தின் மேல் ஒட்டாதீர்கள். பிரிக்கும்போது வண்ணத்தையும் தாளின் தோலையும் உரித்துக்கொண்டு வரும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில், அதாவது பார்ப்பவரின் கண்மட்டத்தில் அமைய வேண்டும். நீர்வண்ணப் படங்களை மேற்கு ஜன்னலுக்கு எதிரே வைத்தால் மாலை வெயிலில் நிறம் மங்கும். அந்தச் சுவரில் கரிக்கோல் வரைவுகளை மாட்டிவிடுங்கள். பெயர், ஊடகம், அளவு, ஆண்டு ஆகியவற்றை ஒரு சீட்டில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். அளவில் உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் குறிப்பது வழக்கம். சீட்டை எல்லாப் படங்களுக்கும் வலப்பக்கக் கீழ்மூலையை ஒட்டி ஒரே உயரத்தில் வையுங்கள். பார்ப்பவர் அதைத் தேடி அலைய வேண்டியிராது.