புதுச் சிப் ஏன் பேச மறுக்கிறது?

கேள்வி: நான் மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு மாணவன். மண்ணின் ஈரப்பதத்தை அளந்து எஸ்டி கார்டில் பதியும் போர்டு ஒன்றை ஏடிமெகா328பி என்ற மைக்ரோகண்ட்ரோலர் சிப்பைக் கொண்டு நானே வடிவமைத்து, கையாலேயே சால்டர் செய்தேன். கணினியிலிருந்து சிப்பில் நிரல் ஏற்றும் யுஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரை இணைத்தால், சிப் பதிலளிக்கவில்லை என்ற பிழைச்செய்தியே வருகிறது. இதே புரோகிராமரும் கேபிளும் என்னிடமுள்ள ஆர்டுயினோ ஊனோ என்ற ஆயத்தப் போர்டில் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஒரு சிப்பைக் கழற்றி இரண்டாவதைப் பொருத்தியும் பயனில்லை. மூன்றாவதும் வாங்கிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு புதுச் சிப்களும் பழுதாக இருப்பது மிக அரிது. ஊனோவில் வேலை செய்வது உங்கள் போர்டில் செய்யவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

ஊனோவில் உள்ள சிப் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடுமாறு முன்பே ஃபியூஸ் (சிப்பின் அடிப்படை அமைப்புகளைச் சேமிக்கும் பிட்கள்) அமைக்கப்பட்டது. கடையில் வாங்கும் புதுச் சிப் அப்படியல்ல. அது தன்னுள் இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். நிரல் ஏற்றும்போது புரோகிராமர் அனுப்பும் எஸ்சிகே என்ற தாளத் துடிப்பின் வேகம், சிப்பின் கடிகாரத்தில் நான்கில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருக்க வேண்டும். புதுச் சிப்புக்கு அந்த எல்லை 250 கிலோஹெர்ட்ஸ். யுஎஸ்பிஏஎஸ்பியின் வழக்கமான வேகமோ 375 கிலோஹெர்ட்ஸ். அது ஊனோவுக்குச் சாதாரண வேகம். உங்கள் சிப்போ ஒரு சொல்லைக்கூடப் பிடிக்க முடியாமல் நிற்கிறது. நிரல் ஏற்றும் மென்பொருளான ஏவிஆர்டியூட்டின் கட்டளையில் பெரிய பி (-B) விருப்பத்தைச் சேர்த்து அதற்கு 10 என்று மதிப்புக் கொடுத்தால், துடிப்பு ஏறத்தாழ 100 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். மலிவாகக் கிடைக்கும் நகல் புரோகிராமர்கள் சிலவற்றில் பழைய ஃபர்ம்வேர் (உள் மென்பொருள்) இருப்பதால், வேகத்தை மாற்ற முடியவில்லை என்ற எச்சரிக்கை வரக்கூடும். அப்போது புரோகிராமரிலேயே உள்ள மெதுவேக ஜம்பரை இணைத்துவிடுங்கள்.

அதற்கும் சிப் மசியவில்லை என்றால், ஸ்லாட்டிலிருந்து எஸ்டி கார்டைக் கழற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள். கார்டும் புரோகிராமரும், தரவும் துடிப்பும் செல்லும் மோசி, மிசோ, எஸ்சிகே என்ற அதே மூன்று கம்பிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. நிரல் ஏற்றுவதற்காக ரீசெட் பின் பூச்சிய வோல்ட்டுக்குத் தாழ்த்தப்பட்டதும் சிப்பின் மற்றப் பின்கள் அனைத்தும் கைவிடப்பட்ட நிலைக்குப் போவதால், கார்டைத் தேர்ந்தெடுக்கும் பின்னும் அந்தரத்தில் மிதக்கிறது. கார்டு தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று எண்ணி, பதில் வரும் மிசோ கம்பியில் குறுக்கே பேசத் தொடங்கிவிடலாம். கார்டைக் கழற்றியதும் சிப் பேசினால் காரணம் இதுதான் என்று உறுதி செய்துகொண்டு, கார்டின் தேர்வுப் பின்னிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோஓம் மின்தடையைச் சேர்த்துவிடுங்கள். யுஎஸ்பிஏஎஸ்பி பெரும்பாலும் 5 வோல்ட்டில் இயங்குவது, எஸ்டி கார்டோ 3.3 வோல்ட் பொருள் என்பதால், இடையில் மின்னழுத்த மாற்றி இல்லாத போர்டில் கார்டைச் செருகி வைத்துக்கொண்டு நிரல் ஏற்றுவது எப்படியும் ஆகாது.

இவை இரண்டும் இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். 32 கால் சதுரச் சிப்பில் 4, 6, 18 ஆகிய மூன்று கால்களிலும் மின்னழுத்தம் வர வேண்டும். 3, 5, 21 ஆகியவை கிரவுண்டில் சேர வேண்டும். அனலாக் பகுதியைப் பயன்படுத்தாதவர்கள் 18ஆம் காலை விட்டுவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதையும் இணைத்தே ஆக வேண்டும். அளக்கும்போது முனையைச் சால்டர் மீது வைக்காமல் சிப்பின் காலின் மீதே வையுங்கள், ஏனெனில் பார்வைக்கு ஒட்டியதுபோல் இருந்து உண்மையில் ஒட்டாத கால் இப்படித்தான் அகப்படும். 29ஆம் காலான ரீசெட் சும்மா இருக்கையில் மின்வழங்கல் மின்னழுத்தத்திலும், கட்டளை ஓடுகையில் பூச்சியத்திலும் இருக்க வேண்டும். புரோகிராமரைச் செருகும் ஆறு முள் இணைப்பியைப் போர்டின் பின்பக்கத்தில் வைத்து வடிவமைத்திருந்தால் இரு வரிசைகளும் இடம் மாறி, மிசோ வர வேண்டிய இடத்தில் மின்சாரம் வந்து நிற்கும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சிப் பேசத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம் சிப்பின் வகையைக் காட்டும் 1இ 95 0எஃப் என்ற கையொப்ப எண். கடைசி எண் 14 என்று வந்தால் பயப்பட வேண்டாம். கடைக்காரர் 'பி' இல்லாத ஏடிமெகா328ஐக் கொடுத்திருக்கிறார், ஏவிஆர்டியூட்டில் சிப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

கையொப்பம் சரியாகக் கிடைத்த மகிழ்ச்சியில் உடனே ஃபியூஸை, கடிகாரத் துடிப்பு தரும் வெளிக் கிரிஸ்டலுக்கு மாற்றிவிடாதீர்கள். கிரிஸ்டலும் அதன் இரு கெப்பாசிட்டர்களும் சரியாகப் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், இல்லையெனில் கடிகாரமே இல்லாமல் சிப் மறுபடியும் ஊமையாகிவிடும். அப்படி ஆகிவிட்டாலும், ஊனோவிலிருந்து ஒரு சதுர அலையை 7ஆம் காலுக்குக் கொடுத்து ஃபியூஸைத் திருப்பி எழுதிவிடலாம். ரீசெட்டை முடக்கும் ஃபியூஸை மட்டும் தொடாதீர்கள். அதை எழுதிவிட்டால் உங்கள் யுஎஸ்பிஏஎஸ்பியால் ஒன்றும் செய்ய முடியாது, 12 வோல்ட் தரும் வேறு வகைப் புரோகிராமரைத்தான் தேட வேண்டியிருக்கும்.