கீனாய் ஆற்றில் சால்மன்

கேள்வி: வரும் ஜூலையில் குடும்பத்தோடு அலாஸ்காவின் கீனாய் ஆற்றுக்குச் சால்மன் பிடிக்கச் செல்கிறோம். தூண்டிலுக்கு எந்த இரை ஏற்றது? – வாசகர், சியாட்டில்

பதில்: நல்ல மாதத்தைத்தான் தேர்ந்திருக்கிறீர்கள், ஜூலைப் பிற்பாதியில் சாக்கை என்னும் செஞ்சதைச் சால்மன்கள் கடலிலிருந்து கூட்டங்கூட்டமாக ஆற்றேறி வரும். ஆனால் முட்டையிடத் திரும்பும் அவை ஆற்றில் ஏறக்குறைய எதையும் உண்பதில்லை என்பதால், இரையைவிட நீங்கள் நிற்கும் இடமே முக்கியம். பனியாறுகள் அரைத்த நுண்துகள் கலந்து நீலப்பச்சையாக ஓடும் அந்த நீரில், வேகம் குறைந்த கரையோரத்தை ஒட்டியே சாக்கை நீந்துகிறது. ஆகவே முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்கினால் மீன் செல்லும் வழியிலேயே நின்றுகொண்டிருப்பீர்கள். ஈயக்குண்டு அடித்தளத்தை லேசாகத் தட்டிச் செல்லும்படி நூலை ஓடவிட்டால், நீந்திவரும் மீனின் திறந்த வாய்க்குள் கொக்கி சிக்கும். வாயைத் தவிர வேறெங்கு மாட்டினாலும் மீனை உடனே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம்.

1985இல் இங்கேதான் சுமார் 44 கிலோ எடையுள்ள கிங் சால்மன் பிடிபட்டது. அவ்வினம் இன்று வருந்தத்தக்க அளவு குறைந்து, அண்மை ஆண்டுகளில் அதைப் பிடிக்கத் தடை இருந்து வருகிறது. தடையை மனமார மதியுங்கள். பதினாறு வயது நிறைந்த வெளியூரார் ஒவ்வொருவருக்கும் உரிமம் வேண்டும். பிடித்த மீனைக் கரையில் கிடத்திவிட்டு நகராதீர்கள், கரடிகள் வரும்.