நர்ஸம்மா வந்துட்டாங்களா?

கேள்வி: எங்கள் ஊரில் முப்பது வருடம் கிராம சுகாதார நர்ஸாக இருந்த அம்மா போன மாதம் காலமானார். என் இரண்டு பிரசவத்தையும் பார்த்தவர். கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தோம். பதினாறாம் நாள் முடிந்ததும் அதையும் கழற்றிவிட்டார்கள். மனசு ஆறவில்லை. அவருக்காக வேறென்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, காங்கயம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் ஊர் நர்ஸம்மா கண்முன்னே வந்துவிட்டார். சென்னிமலைக்குப் பக்கத்தில், தறிச் சத்தம் ஓயாத ஊர் எங்களுடையது. 1981இல் திருச்செந்தூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தார். வந்த புதிதில் அவர் பேசுவது புரியாமல் கிழவிகள் முழிப்பார்களாம். நான்கைந்து வருடத்தில் "ஏனுங்க ஆத்தா, மாத்திரை போட்டீங்களா?" என்று எங்களில் ஒருவராகவே பேசினார். முதலில் சைக்கிள், அப்புறம் ஒரு டிவிஎஸ் 50. அந்த வண்டி தெருமுனையில் திரும்புவது தறியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு எப்படியோ கேட்டுவிடும். "நர்ஸம்மா வந்துட்டாங்களா, பாரு" என்பார்.

என் தங்கை 1985இல் வீட்டிலேயே பிறந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குச் சில நாள் முன்பு, புனல் மாதிரி இருந்த சின்ன அலுமினியக் குழலை அம்மாவின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் என் காதை வைக்கச் சொன்னார். தூரத்தில் யாரோ வேகமாகத் தறி நெய்வதுபோலக் கேட்டது. "உன் தங்கச்சியோ தம்பியோ, ஓடி வருது" என்றார்.

குழந்தை பிறந்ததும் அம்மாவைப் பெற்ற அமுச்சி சர்க்கரைத் தண்ணீரோடு சேனை வைக்க நின்றார். மூன்று நாளைக்குத் தாய்ப்பால் ஆகாது என்று கழுதைப்பாலுக்கும் சொல்லி வைத்திருந்தார். நர்ஸம்மா சத்தம் போடவில்லை. ஜன்னல் வழியாகக் கட்டுத்தரையைக் காட்டினார்.

"ஏனுங்க அமுச்சி, மாடு கன்னு போட்டா சீம்பாலை ஊட்டாம விடுவீங்களா?"

"அதெப்படி? கன்னு தங்காதே."

"பேத்தி மட்டும் தங்கிருமாங்க?"

அமுச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அந்தச் சீம்பால்தான் குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து என்பதை நான் வளர்ந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அவர் சம்பளத்தில் ஒரு பங்கு எங்கள் ஊரிலேயே கரைந்தது. ரத்தம் குறைந்த பிள்ளைத்தாச்சிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையோடு நிலக்கடலையும் வெல்லமும் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார். டீயோடு மாத்திரையை முழுங்கினால் சத்து உடம்பில் சேராது என்று வீட்டுக்கு வீடு சொல்வார். ராத்திரியில் ஈரோடு பெரியாஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தால் வாடகைக்கு முதல் நோட்டு அவர் பர்ஸிலிருந்துதான் வரும். திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், தானாகக் கேட்டதில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இத்தனை கேஸ் பிடித்தாக வேண்டும் என்று நெருக்கிய காலம் அது. 1996இல்தான் அந்த இலக்கு முறையை நாடு முழுவதும் எடுத்தார்கள். உடம்பு தேறாத பெண்ணை அவர் ஒருநாளும் முகாமுக்குக் கூட்டிப்போனதில்லை. அதற்காக மேலே திட்டு வாங்கியதும் ஊருக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் அவர் மனதில் கடைசிவரை கிடந்தது. செங்கல் சூளை வேலைக்குப் போன ஒரு குடும்பத்தில் கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்து தவறிப்போய், பின்னால் ஒரு கால் சூம்பிவிட்டது. இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில். மூன்று வருடம் கழித்து, 2014 மார்ச் 27 அன்று, போலியோ ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. மறுநாள் பேப்பரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். அப்போது ரிடையராகியிருந்தார். கண்ணாடி போட்டு வரி விடாமல் படித்தார். மடித்து வைத்துவிட்டு அந்தப் பையன் பேரைத்தான் சொன்னார். "நான் சூளைக்கே போயிருக்கோணும் கண்ணு."

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு நல்ல நோட்டு வாங்குங்கள். அவர் கை பட்டுப் பிறந்த வீடுகளுக்கெல்லாம் போய், எந்த ராத்திரி, என்ன மழை, எந்த வண்டி, என்ன சொன்னார் என்று கேட்டு எழுதுங்கள். "தங்கமானவங்க" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், இன்னும் கேளுங்கள். பீரோவுக்குள் அவர் கையெழுத்தில் தடுப்பூசி அட்டைகள் கிடக்கும், அவற்றைப் போட்டோ எடுத்து ஒட்டுங்கள். மே 12 செவிலியர் தினம், 1820இல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். அன்று உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் கூடி அந்த நோட்டை வாசியுங்கள். இப்போது அங்கே வேலை பார்க்கும் நர்ஸையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. அத்தனை வாசற்படியும் இன்று அவர்தானே ஏறி இறங்குகிறார்!

சீக்கிரம் தொடங்குங்கள். நாங்கள் தள்ளிப்போட்டோம். அமுச்சியிடம் கேட்க வேண்டியது நிறைய இருந்தது, அதற்குள் அவர் போய்விட்டார். ஊரிலேயே வயதான பாட்டி யாரோ, அவர் வீட்டுக்கு முதலில் போங்கள்.

கேள்வி: பிளஸ் டூ முடித்த மகள் நர்ஸிங் படிக்கிறேன் என்கிறாள். ராத்திரி வேலை, மாப்பிள்ளை அமையாது என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்ய?
- ஒரு தந்தை, பவானி

பதில்: சேர்த்துவிடுங்கள். பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு வருடம், டிப்ளமோ மூன்று வருடம். கல்லூரிக்கு நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா, எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். முதல் தடவை ராத்திரி டியூட்டி முடிந்து வரும் காலையில் பஸ் ஸ்டாண்டில் நீங்களே போய் நில்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அது பெரிய தெம்பு.