வான்கேமரா கேள்வி–பதில்: வளைவைப் படித்தால் கோளாறு தெரியும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை. தொலைநோக்கியில் கேமராவை மாட்டி, ஃபோக்கஸ் செய்யும் வேலையை மென்பொருளிடமும் ஒரு சிறிய மோட்டாரிடமும் விட்டவர்கள், அது சரியாக நடக்காமல் தவிக்கிறீர்கள். பலர் செட்டிங் எண்களை வரிசையாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். சிலர் மட்டும் ஆட்டோஃபோக்கஸ் முடிவில் திரையில் வரும் வளைவையும், அதாவது மோட்டார் நின்ற ஒவ்வோர் இடத்திலும் நட்சத்திரம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று காட்டும் கோட்டையும், படம் பிடித்து அனுப்பியிருந்தீர்கள். எண்களைவிட அந்த வளைவுதான் எனக்கு அதிகம் சொன்னது. அடுத்த முறை எழுதும்போது அதை மறக்காமல் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: அம்மா, என்னுடையது 100 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி. ஆட்டோஃபோக்கஸ் ‘வெற்றி’ என்று முடிகிறது, பொருத்த மதிப்பும் (புள்ளிகள் வளைவோடு முழுதாகப் பொருந்தினால் 1) 0.98 காட்டுகிறது. ஆனால் அதன்பின் எடுக்கும் படத்தில் நட்சத்திரங்கள் ஊதிப்போய் இருக்கின்றன. வளைவின் படத்தை இணைத்துள்ளேன். (கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, படத்தை அனுப்பியதற்கு நன்றி. முதல் மூன்று புள்ளிகளைப் பாருங்கள். மோட்டார் நகர்ந்ததாக மென்பொருள் கணக்கு எழுதியிருக்கிறது. நட்சத்திரத்தின் அளவோ மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். நான்காவது புள்ளியிலிருந்துதான் வளைவு இறங்கத் தொடங்குகிறது. அந்தத் தட்டையான பகுதி பேக்லாஷின் கையெழுத்து. சைக்கிள் பெடலைப் பின்பக்கம் சுழற்றிவிட்டு முன்பக்கம் மிதிக்கும்போது சங்கிலி பிடிக்கும்வரை கால் சும்மா போகிறதல்லவா, அதுபோல மோட்டார் திசை மாறியதும் பற்சக்கரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி தீரும்வரை, கேமராவை உள்ளும் வெளியும் நகர்த்தும் ஃபோக்கசர் குழாய் அசையாது.

மென்பொருள் செய்வது என்னவென்று நினைத்துப் பாருங்கள். ஃபோக்கசரை வெளிப்பக்கம் தள்ளி, அங்கிருந்து ஒரே திசையில் படிப்படியாக உள்ளே வந்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு படம் எடுக்கிறது. ஒரு நட்சத்திரத்தின் ஒளியில் பாதி எந்த வட்டத்துக்குள் அடங்குகிறதோ, அந்த வட்டத்தின் ஆரத்தை அளக்கிறது. திரையில் ஹெச்.எஃப்.ஆர். என்று காண்பது அதுதான். புள்ளிகள் ‘வி’ எழுத்துபோல இறங்கி ஏறினால், அடியில் இருக்கும் இடம் எது என்று கணக்கிட்டு அங்கே திரும்பிப் போகிறது. திரும்பிப் போவது எதிர்த்திசையில்! அப்போது மறுபடியும் பேக்லாஷ் குறுக்கே வரும். கணக்கு சரி, குழாய் மட்டும் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. ‘வெற்றி’ என்ற செய்தி கணக்கைப் பற்றியது. அதனால் ஆட்டோஃபோக்கஸ் முடிந்ததும் இன்னொரு படம் எடுத்து, அதன் ஹெச்.எஃப்.ஆர். வளைவின் அடிமட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

மென்பொருளில் எதையும் மாற்றுவதற்கு முன் இரும்பைப் பாருங்கள். ஃபோக்கசரின் பூட்டுத் திருகைத் தளர்த்தாமல் இறுக்கமாகவே விட்டிருக்கிறீர்களா? மோட்டார் அச்சையும் ஃபோக்கசர் அச்சையும் இணைக்கும் கப்ளிங்கில் உள்ள சின்னத் திருகு தளர்ந்திருக்கிறதா? குழாயில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். 1000 ஸ்டெப் (மோட்டார் நகரும் மிகச் சிறிய அளவு ஒரு ஸ்டெப்) வெளியே, 1000 ஸ்டெப் உள்ளே என்று சில முறை போய்வரச் செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கோடு இன்னும் கொஞ்சம் விலகிக்கொண்டே போனால் அது பேக்லாஷ் அல்ல, எங்கோ வழுக்குகிறது. வழுக்கலை எந்தச் செட்டிங்கும் சரிசெய்யாது. பேக்லாஷாக இருந்தால் விலகல் ஓரளவோடு நின்றுவிடும்.

இரும்பு சரியாக இருந்தால், பிறகு ஈடுகட்டல். நினா போன்ற மென்பொருள்களில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, திசை மாறும்போதெல்லாம் நீங்கள் கொடுத்த எண்ணிக்கையை மோட்டார் கூடுதலாக ஓடுவது. இந்த வழியில் எண் துல்லியமாக இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பிழை. இன்னொன்று, இலக்கைத் தாண்டிப் போய், எப்போதும் ஒரே திசையிலிருந்து இலக்கை வந்தடைவது. இதில் எண் உண்மையான பேக்லாஷைவிடப் பெரிதாக இருந்தால் போதும், கொஞ்சம் அதிகமானாலும் கெடுதல் இல்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோருக்கும் நான் இந்த இரண்டாவது வழியையே சொல்கிறேன். உங்கள் தொலைநோக்கி வானை நோக்கி நிற்கும்போது கேமரா கீழே தொங்குகிறது. கடைசி நகர்வு கேமராவை மேலே தூக்கும் திசையில், அதாவது உள்நோக்கி இருந்தால், எடை பற்களை ஒரு பக்கமாகவே அழுத்தி வைத்திருக்கும். ஆகவே தாண்டிப் போகும் எண்ணை வெளிநோக்கிய நகர்வுக்கு மட்டும் கொடுங்கள். மற்றதைச் சுழியாக விடுங்கள்.

கேள்வி: எனக்கு ‘வி’ வடிவமே வருவதில்லை. புள்ளிகள் மேலும் கீழும் சிதறிக் கிடக்கின்றன. எஃப்/5 தொலைநோக்கி (குவியத்தூரம் விட்டத்தைப்போல 5 மடங்கு), 3.76 மைக்ரான் பிக்சல் கேமரா. ஸ்டெப் அளவை 5 என்று வைத்திருக்கிறேன். சிறிதாக வைத்தால் துல்லியம் கூடும் என்று நினைத்தேன்.

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சிறிய படியில் துல்லியம் கூடாது. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே ஃபோக்கஸால் வரும் மாற்றம், காற்றின் அலைக்கழிப்பால் வரும் மாற்றத்தைவிடச் சிறிதாகிவிட்டால், மென்பொருள் காற்றைத்தான் அளக்கிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். முதலில் ஒரு ஸ்டெப்புக்கு ஃபோக்கசர் எவ்வளவு நகர்கிறது என்று தெரிய வேண்டும். 1000 ஸ்டெப் ஓடவிட்டு வெர்னியரால் அளந்துவிடலாம். 4 மி.மீ. நகர்ந்தால் ஒரு ஸ்டெப் 4 மைக்ரான். உங்களுடையதும் அவ்வளவு என்று வைத்துக்கொள்கிறேன். எஃப்/5 தொலைநோக்கியில் ஃபோக்கஸிலிருந்து 250 மைக்ரான் விலகினால் நட்சத்திரம் 250-ஐ 5-ஆல் வகுத்த அளவுக்கு, அதாவது 50 மைக்ரான் குறுக்களவுள்ள தட்டாக விரியும். உங்கள் கேமராவில் அது சுமார் 13 பிக்சல். அதன் ஹெச்.எஃப்.ஆர். நாலரை முதல் ஐந்து வரை இருக்கும். நல்ல ஃபோக்கஸில் 2 என்றால், வளைவின் ஓரத்தில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. அதுதான் வேண்டும். நடுவிலிருந்து இரு பக்கமும் நான்கு நான்கு புள்ளிகள் என்று வைத்தால், ஒரு படி 62 மைக்ரான், அதாவது 15 அல்லது 16 ஸ்டெப். நீங்கள் வைத்திருக்கும் 5-ல் முழு வளைவும் ‘வி’யின் அடித்தட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது.

எக்ஸ்போஷரையும் கூட்டுங்கள். அரை நொடிப் படத்தில் காற்றின் ஆட்டம் அப்படியே பதியும். 3 முதல் 6 நொடி வைத்தால் அது சராசரியாகிவிடும், மங்கலான நட்சத்திரங்களும் கணக்கில் சேரும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஃபோக்கஸ் நன்றாக விலகிய நிலையிலும் நட்சத்திர எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் குறையாமல் நின்றால், மென்பொருள் எண்ணுவது கேமராவின் சூடான பிக்சல்களை. அவை ஃபோக்கஸ் எங்கே போனாலும் குட்டிப் புள்ளியாகவே இருக்கும். சராசரியைக் கீழே இழுத்துவிடும். சூடான பிக்சலை வடிகட்டும் வசதியைப் போடுங்கள், அல்லது 2×2 பின்னிங் (நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்ப்பது) செய்து பாருங்கள்.

கேள்வி: 8 அங்குல ஷ்மிட்–கேசக்ரெய்ன், இரு கண்ணாடிகள் கொண்ட தொலைநோக்கி. வளைவு நடுவில் இறங்கி, இருபுறமும் ஏறி, ஓரங்களில் மறுபடியும் இறங்குகிறது. மென்பொருள் சில சமயம் அந்த ஓரத்தையே ஃபோக்கஸ் என்று எடுத்துக்கொள்கிறது.

பதில்: உங்கள் தொலைநோக்கியின் நடுவே துணைக் கண்ணாடி ஒளியை மறைக்கிறது. அதனால் ஃபோக்கஸ் அதிகம் விலகினால் நட்சத்திரம் நடுவில் ஓட்டையுள்ள வளையமாகிவிடும். வளையத்தின் ஒரு பிரகாசமான துண்டை மென்பொருள் சின்ன நட்சத்திரம் என்று நம்பிவிடுகிறது. சின்ன அளவு, அதனால் வளைவு இறங்குகிறது. ஓரப் புள்ளியில் எடுத்த படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள், வளையங்கள் தெரியும்.

ஆட்டோஃபோக்கஸ் போய்வரும் வீச்சைக் குறையுங்கள். இந்த வகையில் பெரும்பாலும் நகர்வது முதன்மைக் கண்ணாடியே. அது எஃப்/2, முழு அமைப்பு எஃப்/10 என்றால், கண்ணாடி 1 மி.மீ. நகர்ந்தால் குவியும் இடம் ஏறக்குறைய 25 மி.மீ. நகர்ந்துவிடும். லென்ஸ் தொலைநோக்கிக்குப் பழகிய எண்களை இங்கே கொண்டுவர முடியாது. ஆட்டோஃபோக்கஸ் ஓரளவு சரியான இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நிலவையோ பிரகாசமான நட்சத்திரத்தையோ வைத்துக் கையாலேயே கொண்டுவந்து, அந்த ஸ்டெப் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நகர்வு கண்ணாடியை மேலே தள்ளும் திசையில் இருக்கட்டும். கீழே இறங்கும் திசையில் நிறுத்தினால் கண்ணாடி பிறகு மெல்லச் சரியும், நள்ளிரவில் ஃபோக்கஸ் தானாகவே கெடும்.

கேள்வி: மாலையில் ஃபோக்கஸ் அருமை. மூன்று மணி நேரத்தில் 6 டிகிரி குளிர்ந்ததும் கெட்டுவிடுகிறது. 800 மி.மீ. குவியத்தூரம், எஃப்/4 நியூட்டோனியன், அலுமினியக் குழாய். வெப்பநிலைத் திருத்தம் போட்டும் பயனில்லை.

பதில்: அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் சுருங்கும். உங்கள் முதன்மைக் கண்ணாடிக்கும் சாய்வுக் கண்ணாடிக்கும் நடுவே 600 மி.மீ. இருக்கும் என்று கொண்டால், 6 டிகிரிக்கு 83 மைக்ரான். எஃப்/4-ல் பச்சை ஒளிக்கு ஃபோக்கஸ் தாங்கும் மொத்த அகலம் சுமார் 43 மைக்ரான், அதாவது பக்கத்துக்கு 21. கண்ணாடியும் குளிர்ந்து தன் குவியத்தூரத்தைக் கொஞ்சம் குறைத்து ஒரு பகுதியை ஈடுகட்டும், ஆனாலும் போதாது. ஏறத்தாழ 2 டிகிரி இறங்கியதுமே எல்லை தாண்டிவிடுகிறது.

திருத்தம் ஏன் உதவவில்லை? உங்கள் கடிதத்தில் வெப்பநிலை உணரி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பெட்டியின் சூட்டை அளக்கிறது. உணரியைக் குழாயின் மேல் ஒட்டுங்கள். அதற்குப் பிறகும், சூத்திரத்தை நம்பி மோட்டாரை நகர்த்துவதைவிட, ஒன்றரை டிகிரி மாறியதும் ஆட்டோஃபோக்கஸை மறுபடி ஓட்டச் சொல்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சில நிமிடங்கள் போகும். ஆனால் அது நட்சத்திரத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு. கூடவே ஹெச்.எஃப்.ஆர். 10 சதவீதம் ஏறினாலும் ஓட்டு என்று வைத்துவிடுங்கள். நினாவில் இரண்டுக்கும் வசதி இருக்கிறது.

கேள்வி: சிவப்பு ஃபில்டரில் நன்றாக வேலை செய்யும் ஆட்டோஃபோக்கஸ், ஹைட்ரஜன்–ஆல்ஃபா ஃபில்டரில் தோற்றுப்போகிறது.

பதில்: அந்த ஃபில்டர் 656.3 நானோமீட்டரைச் சுற்றி ஒரு குறுகிய கீற்றை மட்டுமே விடுகிறது, நட்சத்திரங்கள் போதாமல் போகின்றன. எக்ஸ்போஷரை நான்கைந்து மடங்கு கூட்டுங்கள். இல்லையென்றால் ஒளி அதிகம் விடும் ஃபில்டரில் ஃபோக்கஸ் செய்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒருமுறை அளந்து மென்பொருளில் எண்ணாகக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஃபில்டர் ஃபோக்கஸைப் பின்தள்ளும். தடிமன் 0.1 மி.மீ. வேறுபட்டாலே 33 மைக்ரான். ஒரே தொகுப்பில் வாங்கிய ஃபில்டர்களையும் அளந்தே பாருங்கள்.

கேள்வி: ஆட்டோஃபோக்கஸ் வந்த பிறகு பாட்டினோவ் முகமூடி எதற்கு? விற்றுவிடலாமா?

பதில்: வேண்டாம். தொலைநோக்கியின் முன்னால் மாட்டினால் பிரகாசமான நட்சத்திரத்தை மூன்று ஒளிக்கீற்றுகளாகக் காட்டும், பாவெல் பாட்டினோவ் 2005-ல் வடிவமைத்த அந்தத் தட்டு, மோட்டாரையும் மென்பொருளையும் சாராத சாட்சி. ஆட்டோஃபோக்கஸ் முடிந்ததும் மாட்டி, ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் படம் எடுங்கள். நடுக்கீற்று மற்ற இரண்டுக்கும் சரியாக நடுவே வந்தால் கணக்கும் குழாயும் ஒத்துப்போகின்றன. விலகி நின்றால் முதல் பதிலில் சொன்ன பென்சில் கோட்டுச் சோதனையைச் செய்யுங்கள். படத்தின் நடுவில் சரியாகவும் ஒரு மூலையில் மட்டும் பிசகியும் இருந்தால் சென்சார் சாய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை ஆட்டோஃபோக்கஸை நடுப்பகுதி நட்சத்திரங்களை மட்டும் அளக்கச் சொல்லுங்கள்.